ஒரு பிடி கேல்

விரல் நுனியில உணர்ச்சி இல்ல. ஹோஸ் பைப்ப எடுத்துக் குழாயில மாட்டறேன், மாட்டறது கண்ணுக்குத் தெரியுது, விரலுக்குத் தெரியல. மணி ஆறரை இருக்கும். பாத்தி மேல பூராம் பனி வெள்ளையா உறைஞ்சு கெடக்குது. வெயிலு பக்கத்துத் தோட்டத்து ராமலிங்கம் வீட்டு மரத்தத் தாண்டி இந்தச் சரிவுல எறங்கறதுக்குள்ள தண்ணி தெளிச்சு அதக் கரைச்சு உட்டுடோணும், இல்லைன்னா உருளைச் செடி கருகிரும், பீட்ரூட்டு வாடிரும். கேலுக்கு ஒண்ணும் ஆகாது. கேலுக்குப் பனி பட்டாத்தான் இனிப்பு ஏறும்னு ராமலிங்கம் சொன்னான், நாத்துக் குடுத்தவனே அவந்தான். அப்பறம் எதுக்கு அதுக்கும் தண்ணி காட்டறேன். தெரியல. பக்கத்துப் பாத்திக்குத் தெளிக்கையில அதுக்கும் படுது, படட்டும். வாஷ்பேசின்ல இருந்தது ரோஸ் கலரு. பேஸ்ட்டு நொரையில ரோஸ் கலரு. வசந்தா தண்ணிய ஊத்திக் கழுவி உட்டுட்டுத்தான் போனா, ஆனாலும் பைப்புக்குக் கீழ ஒரு கோடு நின்னுபோச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு என்ன பண்ணேன், ஸ்வெட்டரப் போட்டேன், குல்லாவ மாட்டினேன், செருப்பத் தேடினேன், இங்க வந்துட்டேன். ஒரு மனுசன் பண்ற வேலையா இது. பொண்டாட்டி பல்லுல ரத்தம் வருதுன்னு தெரிஞ்சா உள்ள போயி என்னன்னு கேக்கோணும். நான் உருளைச் செடிக்குப் பனி கரைக்க வந்திருக்கறேன். பயமா இருக்குதான்னு எனக்கு நானே கேட்டுப் பாக்கறேன். பயம்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, விரல் மாதிரியே உள்ளுக்குள்ளயும் மரத்துக் கெடக்குது.

தண்ணி பட்டதும் கேல் இலை மேல பனி கண்ணாடியாட்டம் ஆகி அப்பறம் கீழ வடியுது. நல்லா வந்திருக்குது. ஒம்பது நாளா ஒரு இலை கூடக் கிள்ளல, அதான் இந்தப் பெருசு. மொத்தம் இருவத்தி நாலு செடி. முட்டைக்கோஸோட ஒறம்பரைதான் இது, அதே வகை, ஆனா உருண்டை கட்டாது, இலை இலையா மேல போகும், ஓரம் பூராம் சுருண்டுக்கிட்டுக் கருக்கல் பச்சையா இருக்கும். அடி இலையத்தான் கிள்ளோணும், குருத்தத் தொடக் கூடாது, தொடலைன்னா வருசம் பூராம் குடுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருசம் மேட்டுப்பாளையம் கோத்தகிரி ரூட்டுல பஸ் ஓட்டினவனுக்குக் கீரையப் பத்தி என்ன தெரியும்னு நெனைப்பாங்க, ரிட்டையர் ஆன ரெண்டு வருசத்துல எல்லாம் கத்துக்கிட்டேன். சாணி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, வெள்ளை வண்ணாத்திப்பூச்சி வந்து முட்டை வெச்சா இலைக்கு அடியில எங்க பாக்கோணும், எல்லாம். ஒண்ணே ஒண்ணுதான் தெரியல. அதத் தெரிஞ்சுக்கறதுக்கு நான் எங்கயும் போயிருக்க வேண்டியதில்ல, எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னால நின்னு படிச்சிருந்தாப் போதும்.

ஃப்ரிட்ஜுல ஒரு காகிதம் ஒட்டியிருக்குது, ஆறு வருசமா ஒட்டியிருக்குது. வசந்தாவுக்கு நெஞ்சத் தொறந்து கெட்டுப்போன வால்வ எடுத்துட்டு இரும்பு வால்வு வெச்சு அனுப்பினப்போ கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில குடுத்தது. வீட்டுல சத்தம் இல்லாம இருந்தா அந்த வால்வு அடிக்கறது வெளிய கேக்கும், சின்ன டைம்பீஸ் சத்தம். மத்தியானம் அவ படுத்திருக்கையில நான் பக்கத்துல பேப்பர் படிச்சா கேக்கும். இரும்பு மேல ரத்தம் பட்டுப் பட்டு உறைஞ்சிரும், அதனால ரத்தத்த நீர்க்க வெக்கறதுக்கு மாத்திரை, உசுரு இருக்கற வரைக்கும் தினம் மாத்திரை, மாசம் ஒருக்கா ரத்த டெஸ்ட்டு. அந்த டெஸ்ட்டு நம்பரு ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல நிக்கோணும். கொறைஞ்சா ரத்தம் கெட்டியாகுது, ஏறினா ரொம்ப நீர்த்துப் போகுது. இதெல்லாம் அவளே பாத்துக்குவா. டெஸ்ட்டுக்குத் தேதி, மாத்திரைக்குப் பொட்டி, எல்லாம் அவ. நான் அந்தக் காகிதம் பக்கத்துல ஆயிரம் தடவ நின்னு தண்ணி பாட்டில் எடுத்திருக்கறேன், ஒரு தடவ படிச்சதில்ல. ரோட்டுல நூறு போர்டு இருக்கும், நமக்கு வேண்டிய போர்ட மட்டும் பாப்போம், அந்தப் பழக்கம். அது சமையல் கட்டு, அவ சமாச்சாரம், எனக்கென்னன்னு இருந்துட்டேன்.

அப்பறம் சமையல் கட்டு என் சமாச்சாரம் ஆச்சு. போன ஐப்பசியில அவளுக்கு முட்டி வலி, நிக்க முடியல, அந்த மாச டெஸ்ட்டுக்குக் கூட மலை எறங்கல, நான் உட்காரு நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு. கல்யாணம் ஆன முப்பத்தி நாலு வருசத்துல நான் அடுப்புல வெச்சது சுடுதண்ணி மட்டுந்தான். அந்த நேரம் பாத்து கேல் வெட்டுக்கு வந்துச்சு. ராமலிங்கம் இத ஓட்டல்காரங்களுக்குக் கட்டுக் கட்டாப் போடறவன், அவஞ் சொன்னான், அண்ணா இது இருதயத்துக்கு அவ்வளவு நல்லது, வெள்ளைக்காரன் தினம் திங்கறான்னு. இருதயம்ங்கற வார்த்தைய மட்டும் புடிச்சுக்கிட்டேன். அடி இலையாப் பாத்து ஒரு பிடி, நடு நரம்பு கெட்டி, அதக் கத்தியில சீவி எடுத்துட்டு, மீதிய மெல்லிசா அரிஞ்சு, சின்ன வெங்காயம், வரமொளகா, பூண்டு தட்டிப் போட்டு வதக்கி, எறக்கையில தேங்காத் துருவல். மொத நாள் உப்பு கையக் கடந்துபோச்சு. அவ தட்டுல இருந்தத வழிச்சுச் சாப்புட்டா. ரெண்டாம் நாள் உப்பு சரியா இருந்துச்சு. மூணாம் நாள் இன்னுங் கொஞ்சம் வெய்ங்கன்னா. இன்னுங் கொஞ்சம் வெய்ங்கன்னு கேட்டா. அவினாசியில இருக்கற மக சுகந்திக்குப் போனப் போட்டு, உங்கப்பாதான் இப்ப சமையலு, கீரைப் பொரியல் தின்னு பாத்தா உடமாட்டேன்னு சொன்னது என் காதுல உழுந்துச்சு. பெருமையா இருந்துச்சு எனக்கு. வெளிய காட்டிக்கல. தினம் வெச்சேன். நாப்பது நாள், ஒரு நாள் உடாம, தினம் ஒரு பிடி கேல்.

பைப்புல தண்ணி சன்னமாகுது, கீழ்வீட்டுல தொறந்துட்டாங்க போல. ரோஸ் கலரு. டாக்டர் ஆறு வருசத்துக்கு முந்தியே சொன்னாரு, ரத்தம் ரொம்ப நீர்த்துப்போனா மொதல்ல ஈறுல வரும், மூக்குல வரும், சும்மா இடிச்சுக்கிட்டாலே கன்னிப்போகும், தலைக்குள்ள வந்துச்சுன்னா வெளிய தெரியாது. தலைக்குள்ள வந்துச்சுன்னா வெளிய தெரியாது. முந்தாநேத்து பீரோக் கதவுல கை லேசாப் பட்டுச்சு அவளுக்கு, நான் பக்கத்துலதான் இருந்தேன், சத்தம் கூடக் கேக்கல. நேத்துக் காலையில அந்த எடத்துல கத்திரிக்கா கலருல உள்ளங்கை அகலம் கன்னிக் கெடக்குது. நான் பாக்கறதப் பாத்துட்டு ஸ்வெட்டர் கைய மணிக்கட்டு வரைக்கும் இழுத்து உட்டுக்கிட்டா. குளிருது இன்னிக்குன்னா. ஆமா குளிருதுன்னேன். எங்க வீட்டுல இது ஒரு பழக்கம், பேச வேண்டியது வந்துச்சுன்னா குளிரப் பத்திப் பேசுவோம்.

ரத்தக் கட்டி வந்தது அதுக்கு ஒரு வாரம் முந்தி. அதுவும் காலையிலதான். காப்பி டம்ளரு அவ கையில இருந்து கீழ போச்சு, உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில போச்சு, நான் டம்ளரத்தான் பாத்தேன், குனிஞ்சு எடுத்துட்டு நிமுந்து பாக்கறேன் அவ வாய் ஒரு பக்கமா எறங்கிப் போச்சு. ஏதோ சொல்றா, சொல்லு வரல, குழறுது. வசந்தா வசந்தான்னு நான் கூப்பிட்டுக்கிட்டே நின்னேன். பத்து நிமிசம் இருக்கும். அப்பறம் வாய் தன்னால நேராச்சு, என்னங்க டம்ளரு நெளிஞ்சிருச்சான்னு கேட்டா. டாக்சி புடிச்சு மலை எறங்கினோம். பையன் ஒருத்தன் ஓட்டினான், ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் என் வலது காலு தன்னால முன்சீட்டு அடியில போயி மிதிக்குது, அங்க பிரேக் இல்ல. டாக்டர் சொன்னாரு சின்னக் கட்டி ஒண்ணு மூளைக்குப் போற கொழாய்ல அடைச்சு அதுவாக் கரைஞ்சிருக்குது, உங்க நல்ல காலம். டெஸ்ட்டு பாத்தா ஒண்ணு புள்ளி நாலுல நிக்குது. ஆறு வருசமா மூணுல நின்ன ஆளு. டாக்டர் கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சாரு. சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களாம்மா, கீரை கீது புதுசாச் சேத்தீங்களான்னு கேட்டாரு.

இல்லீங்கன்னு அவ சொன்னா. அவதான் மொதல்ல சொன்னா. கீரைங்கற வார்த்தையிலதான் எனக்கு என் பாத்தி நெனப்பு வந்துச்சு. டாக்டர் என்னையப் பாத்தாரு. நான் அவளப் பாத்தேன். அவ மூலையில இருந்த எடை பாக்கற மிசினப் பாத்துக்கிட்டு இருந்தா. இல்லைங்க சார்னு நான் சொன்னேன். சரி அப்ப மாத்திரைய ஒண்ணுல இருந்து ஒண்ணரையாக்கிருவோம், பத்து நாள் கழிச்சு டெஸ்ட்டு எடுங்கன்னு எழுதிக் குடுத்தாரு. நாளைக்குப் பத்தாவது நாள். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் அவ படுத்துட்டா, நான் ஃப்ரிட்ஜுக்கு முன்னால போயி நின்னு மொத மொதலா அந்தக் காகிதத்தப் படிச்சேன். மேல ஒரு மாங்கா காந்தம் ஒட்டி அதுக்குக் கீழ தொங்குது. மாத்திரையோட வேலைய முறிக்கறதுன்னு ஒரு பட்டியல், முருங்கை, பசலை, அரைக்கீரை, முட்டைக்கோஸ், புரோக்கோலி. கேல் இல்ல. நெசமாச் சொல்றேன், ஒரு நிமிசம் அவ்வளவு நிம்மதி, கேல் இல்ல, கேல் இல்ல, நான் பண்ணல. அப்பறம் கடைசி வரி. மற்ற கரும்பச்சை இலைகள். கண்ணு அதுலயே நின்னுபோச்சு. கரும்பச்சைன்னா இதவிடக் கரும்பச்சை எது இருக்குது இந்தப் பூமியில.

உடனே நிறுத்திட்டேன். அதத்தான் சரின்னு நெனைச்சேன். மறுநாள் மத்தியானம் பீட்ரூட் பொரியல் வெச்சேன். அவ தட்டப் பாத்தா. கேல் இல்லீங்களான்னா. புழு உழுந்திருச்சுன்னு சொன்னேன். பூராமுமான்னா. பூராமும், பிடுங்கிப் போட்டுட்டேன்னேன். போகட்டும் போங்கன்னு சொல்லிட்டுப் பீட்ரூட்டப் பெசைஞ்சு சாப்புட ஆரம்பிச்சா. அவளால இந்தப் படியில எறங்க முடியாது, சமையல் கட்டு ஜன்னல் வழியாப் பாத்தா வாழைதான் தெரியும், பாத்தி தெரியாது. அதனால இருவத்தி நாலு செடியும் என்னைய மட்டும் பாத்துக்கிட்டு நிக்குதுங்க. பிடுங்கறதுக்குத்தான் ரெண்டு தடவ மம்பட்டியோட வந்தேன். கை வரல. செடி என்ன பண்ணுச்சு, அதுபாட்டுக்கு வளந்துச்சு. புழு ஒண்ணு கூட இல்ல, அவ்வளவு சுத்தம்.

சன்னாசி ஞாபகம் எதுக்கு இப்ப வருது. இல்லைங்க சார்னு சொன்ன அதே குரலு, அதான். சன்னாசி என்னோட வண்டியில கண்டக்டரு. ஒருக்கா ஒரு ஸ்டாப்பிங்ல விசில் வரதுக்கு முந்தியே நான் வண்டிய எடுத்துட்டேன், அன்னிக்குக் காலையிலிருந்து எனக்கு எது மேலயோ கோவம், எது மேலன்னு கூட இப்ப நெனப்பில்ல. மூட்டையோட எறங்கிக்கிட்டிருந்த ஒரு ஆளு உழுந்து முழங்கை ஒடைஞ்சுபோச்சு. விசாரணையில அதிகாரி கேக்கறாரு விசில் குடுத்தாங்களான்னு. நான் வாயத் தொறக்கல. நான் விசில் குடுத்தனுங்க, ஆளு எறங்கறதப் பாக்காமக் குடுத்துட்டனுங்கன்னு சன்னாசி சொல்லிட்டான். அவன ஆறு மாசம் வேற டிப்போவுக்குத் தூக்கிப் போட்டாங்க. ஏன்டா அப்படிச் சொன்னன்னு கேட்டேன், நீங்க ஓட்டோணுமில்லைங்கண்ணான்னு சிரிச்சான். நான் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். ஒரு டீ. நானே தான்னு அப்பவும் சொல்லல, அப்பறமும் சொல்லல, வசந்தாகிட்டக் கூடச் சொன்னதில்ல. யாராவது ஒருத்தர் எனக்காகச் சொல்லிருவாங்க, நான் ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டு உட்காந்திருப்பேன். டாக்டர் ரூம்ல அவ ஏன் அவ்வளவு சீக்கிரமா இல்லீங்கன்னு சொன்னா. இந்தக் கேள்விகிட்ட வரும்போதெல்லாம் நான் வண்டியத் திருப்பிக்கறேன்.

இப்ப என்ன நடந்திருக்குதுன்னு எனக்குத் தெரியும். நேத்திலிருந்து தெரியும், அந்தக் கன்னின எடத்தப் பாத்ததிலிருந்து. ஃபுல் லோடோட மலை எறங்கற வண்டிக்கு பிரேக்குல ஒரு மிதி, காலி வண்டிக்கு ஒரு மிதி. நாப்பது நாள் கேல் தின்ன ரத்தம் கெட்டியா இருந்துச்சு, அதப் பாத்துட்டு டாக்டர் மாத்திரைய ஏத்தினாரு, நான் கேல நிறுத்திட்டேன், லோடு எறங்கிருச்சு, மிதி மட்டும் அதே மிதி. டாக்டருக்கு லோடு ஏத்தினதும் தெரியாது, எறக்கினதும் தெரியாது. தெரிஞ்சவன் நான் ஒருத்தன், இங்க பைப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். குடுத்ததும் தப்பு, நிறுத்துனதும் தப்பு, ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டும் தப்பில்ல. நாளைக்கு டெஸ்ட்டு, டெஸ்ட்டுல தெரிஞ்சிரும், டாக்டரு மாத்திரையக் கொறைச்சிருவாரு, தன்னாலச் சரியாயிரும். நாளைக்குத்தான. ஒரு நாள். தலைக்குள்ள வந்துச்சுன்னா வெளிய தெரியாது. இல்லைன்னா இப்படிப் பண்ணலாம், இன்னிக்கு மத்தியானமே மறுபடி ஒரு பிடி வெச்சிரலாம். ராமலிங்கம் குடுத்தான்னு சொல்லிரலாம். கேல் உள்ள போனா ரத்தம் கெட்டியாகும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

குனிஞ்சு கிள்ளறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. காம்பு பட்டு பட்டுன்னு ஒடையுது, சத்தம் கேக்குது, கையில ஒண்ணும் தெரியல. பனித்தண்ணி ஸ்வெட்டர் கைக்குள்ள ஓடுது, அது முழங்கையிலதான் ஜில்லுன்னு தெரியுது. அஞ்சு, ஆறு. ஒரு பிடி ஆச்சு. ஒரு பிடி போதுமா, ஒம்பது நாளுக்கும் சேத்து ரெண்டு பிடி வெக்கோணுமா. இத யாருகிட்டக் கேக்கறது. நான் இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கறேன், பொண்டாட்டி ரத்தத்துல நானே கேலப் போட்டு உப்பு சரி பாக்கற மாதிரி பாத்துக்கிட்டிருக்கறேன். கேவலம். இந்த வார்த்தை தெளிவா வந்துச்சு, வேற யாரோ காதுல சொன்ன மாதிரி. மரத்தோட உச்சியில வெயில் பட்டிருச்சு. அப்ப ஏழு தாண்டியாச்சு. ஏழு மணிக்கு அவ காப்பின்னு ஒரு சத்தம் குடுப்பா, தினம் குடுப்பா, கட்டி வந்த மறுநாள் கூடக் குடுத்தா. இன்னிக்குக் குடுக்கல. நான் கேக்காம உட்டுட்டனா. பைப்ப நிறுத்திட்டுக் கேக்கறேன். கீழ்வீட்டு நாய், தூரத்துல டவுன் பஸ்ஸு கியர் மாத்தற சத்தம். எங்க வீட்டுல இருந்து ஒண்ணும் இல்ல. பால் தீயற வாடை வருது.

ஏழு படி. ஏறினது நெனப்பில்ல, செருப்பு எங்க கழண்டுச்சுன்னும் நெனப்பில்ல. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு கருகிக்கிட்டிருக்குது. வசந்தா முக்காலியில உட்காந்திருக்கறா, நேரா உட்காந்திருக்கறா, கண்ணு என்னையப் பாக்குது, வாய் நேரா இருக்குது, மூக்குல ஒரு துண்ட அழுத்திப் புடிச்சிருக்கறா. துண்டு செவப்பு. அது வெள்ளைத் துண்டு, எனக்குத் தெரியும் அது வெள்ளைத் துண்டு. அடுப்ப நிறுத்துங்கன்னா, பால் போச்சு. அடுப்ப நிறுத்தினேன். எவ்வளவு நேரமா வருதுன்னேன். அரை மணி நேரமாச்சு, நிக்க மாட்டீங்குதுங்கன்னா. ஏன் கூப்புடல. நீங்க தோட்டத்துல இருந்தீங்கன்னா. அவ கண்ணு என் கைக்கு வந்துச்சு. நான் அந்தப் பிடிய இன்னும் உடாமப் புடிச்சிருந்தேன், ஆறு இலை, தண்ணி சொட்டிக்கிட்டிருக்குது.

புழு உழுகல, நான்தான் நிறுத்துனேன், இது கட்டிக்குக் காரணமுன்னு நெனைச்சு நிறுத்துனேன், உன்கிட்டச் சொல்லாம நிறுத்துனேன்னு சொன்னேன். சொல்லும்போது என் குரலு எங்கயோ இருந்து வந்துச்சு. அவ துண்ட மடிச்சு வேற பக்கம் திருப்பிப் புடிச்சா. அப்பறம் சொன்னா, நிறுத்தக் கூடாதுங்க, மாத்தவே கூடாது, தினம் தின்னா தினம் அதே அளவு திங்கோணும், அந்தக் காந்தம் மறைச்சிருக்கற வரியில அதான் எழுதியிருக்குதுன்னா. நான் திரும்பிப் பாத்தேன். மாங்கா காந்தம். அப்ப உனக்குத் தெரியுமான்னேன். எதுங்க. இது கீரைன்னு, இதத் திங்கக் கூடாதுன்னு. ஆறு வருசமா முருங்கையத் தொடாம இருக்கறேன் எனக்குத் தெரியாதுங்களான்னா. பின்ன எதுக்குத் தின்ன. மூக்கு அடைச்சுக்கிட்டுப் பேசறதால அவ குரலு சளி புடிச்ச மாதிரி இருந்துச்சு. நீங்க செஞ்சீங்கல்ல, அதான் தின்னேன்னா. மொத நாள் வேண்டாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்க கரண்டியோட நின்னுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அப்பறம் புழுவுன்னீங்க, மாத்திரைய ஏத்திட்டாங்களே என்ன பண்றதுன்னு நெனைச்சேன், சொன்னா உங்க கீரைனாலதான்னு தெரிஞ்சிரும், நாளைக்கு டெஸ்ட்டுல அவங்களே பாத்துக்கட்டும்னு இருந்துட்டேன். இப்படி அவ சொல்றா, ஒரு கோவம் இல்ல, பால் பொங்கினதச் சொல்ற மாதிரி சொல்றா. நானும் நாளைக்கு டெஸ்ட்டுன்னுதான் இருந்தேன். ஒரே வீட்டுல ரெண்டு பேரு.

போன் எங்க இருக்குதுன்னேன். அவ பொஸ்தகத்துல நம்பர் இருக்குதுன்னா. ரத்த டெஸ்ட்டு எழுதற பொஸ்தகம், பின்னட்டையில அவசரத்துக்குன்னு ஒரு நம்பர். விரல் பட்டன்ல சரியா உழுகல, மூணு தடவ தப்பாப் போச்சு. கைய வாய்கிட்ட வெச்சு ஊதினேன். அப்பத்தான் விரலுக்கு உசுரு திரும்புது, ஊசி ஊசியாக் குத்துது, அவ்வளவு வலி, கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது கை வலியினாலதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், கை வலியினால இல்ல. ரிங் போகுது. வசந்தாவோட வால்வுச் சத்தம் கேக்குது, வீடு அவ்வளவு அமைதி, டைம்பீஸ் கொஞ்சம் வேகமா ஓடற மாதிரி கேக்குது. ஒரு சிஸ்டர் எடுத்தாங்க. பேரு, பொஸ்தக நம்பரு, எத்தன நேரமா ரத்தம் வருது, எல்லாம் கேட்டாங்க, சொன்னேன். சாயங்கால மாத்திரையப் போட வேண்டாம், மூக்க அழுத்திப் புடிச்சுக்கிட்டே வண்டியேறி உடனே வாங்க, தலை வலின்னு சொன்னாங்கன்னா வழியில எந்த ஆஸ்பத்திரி இருந்தாலும் நிறுத்திருங்கன்னாங்க. தலை வலிக்குதான்னு கேட்டேன், இல்லைன்னு தலைய ஆட்டினா. அப்பறம் அந்தக் கேள்வி வந்துச்சு. சாப்பாட்டுல ஏதாவது மாத்தம் பண்ணீங்களாங்க.

ஆமாங்கன்னேன். கேல்னு ஒரு கீரை, நாப்பது நாள் தினம் ஒரு பிடி குடுத்தேன். அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். அப்பறம் யாருகிட்டயும் சொல்லாம நிறுத்திட்டேன், இன்னியோட ஒம்பது நாள் ஆச்சுங்க. அந்தப் பக்கம் எழுதற சத்தம் கேட்டுச்சு. வசந்தா என் ஸ்வெட்டரப் புடிச்சு இழுத்தா. எனக்குத் தெரியும்னு சொல்லுங்க, நான் தெரிஞ்சேதான் தின்னேன்னு சொல்லுங்கன்னா. துண்டுக்குள்ள இருந்து வர்ற அந்தக் குரல்ல மறுபடியும் சொன்னா, சொல்லுங்க, உங்களைத் திட்டப் போறாங்க. அவங்களாச் சாப்புட்டாங்களா, யாராவது குடுத்தீங்களாங்கன்னு சிஸ்டர் கேட்டாங்க. நான்தான் வளத்தேன், நான்தான் சமைச்சேன், நான்தான் குடுத்தேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னு சொன்னேன்.